போல்ட்டின் தலையெழுத்து

போல்ட்டுக்கும் தலையெழுத்து உண்டு. நல்ல போல்ட்டின் தலையில் அதைச் செய்தவரின் அடையாளமும், எந்த ரக உலோகம் என்கிற குறியும் பொறித்திருக்கும். சூடு தாங்கும் போல்ட்டுகளுக்கான ஏ193 என்ற அமெரிக்கத் தரவரிசையில், பி7 என்றால் குரோமியமும் மாலிப்டினமும் கலந்த எஃகு. பி16 என்றால் அதோடு வனேடியமும் சேர்ந்தது; இன்னும் கூடுதல் சூட்டிலும் இறுக்கம் தளராது. கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணுதான். வித்தியாசத்தைச் சொல்வது அந்த ஓரிரு எழுத்து மட்டுமே.

அரியலூர்ப் பக்கம் இது ஏட்டுச் சங்கதி இல்லை. கடல் விட்டுப்போன சுண்ணாம்புக்கல்லை வெட்டி, சுமார் 1,450 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கித்தான் அங்குள்ள சிமென்ட் ஆலைகள் கிளிங்கர் எடுக்கின்றன. சிவக்கச் சிவக்க விழும் கிளிங்கரை ஆற்றுகிற கூலரின் தட்டுகளையும், சூளை வாயிலுள்ள வார்ப்புகளையும் பிடித்து நிற்பவை போல்ட்டுகள்.

“காந்தம் ஒட்டலைன்னா எஸ்.எஸ்.தாங்க” என்று பட்டறையில் சொல்வார்கள். சரி, எந்த எஸ்.எஸ்.? 304-லும் காந்தம் ஒட்டாது, 310-லும் ஒட்டாது. முன்னதில் குரோமியம் சுமார் 18 சதவீதம், நிக்கல் 8. பின்னதில் 25, 20. ஆயிரம் டிகிரிச் சூட்டில் 310 தாக்குப்பிடிக்கும். 304 செதில் செதிலாக உரிந்து தேயும். கையில் பிடிக்கிற எக்ஸ்ரே கருவி சில நொடிகளில் இந்த வித்தியாசத்தைக் காட்டிவிடும். ஆனால் அதற்குக் கார்பன் தெரியாது. சூட்டில் உலோகத்தின் வலுவுக்குக் கார்பன் அளவும் முக்கியம். அதற்கு ஆய்வகத்தையோ, ஆலை தரும் சான்றிதழையோதான் நம்ப வேண்டும். எவ்வளவு சோதித்தாலும், கடைசியில் யாரோ ஒருவர் சொல்லை நம்பித்தான் ஆகணும்.

அந்தச் சொல் பொய்யானால்? 1980களில் அமெரிக்காவில் அது நடந்தது. போரான் கலந்த, விலை குறைந்த 8.2 ரக போல்ட்டுகள், கிரேடு 8 என்ற குறியோடு சந்தைக்கு வந்தன. சாதாரண வெப்பநிலையில் இரண்டுக்கும் ஒரே பலம். சூடேறினால் 8.2 சீக்கிரம் தளர்ந்துவிடும். அந்நாட்டுக் காங்கிரஸ் குழு விசாரித்து, 1990இல் போல்ட், நட் தரத்துக்கென்றே தனிச் சட்டம் வந்தது. யோசித்துப் பார்த்தால், விற்றவர் “ரெண்டும் ஒரே பலம்தானே” என்று வாதிட்டிருக்கலாம். ஆறியிருக்கும்வரை அது உண்மையும்கூட. எந்தச் சூட்டுக்காக அந்த எழுத்து பொறிக்கப்பட்டதோ, அந்தச் சூட்டில் மட்டும்தான் அது பொய்.

நகைக்கு 2021இல் ஹால்மார்க்கைக் கட்டாயமாக்கத் தொடங்கினார்கள். ஆறெழுத்து எண் இருக்கிறதா என்று நாமே கேட்டு வாங்குகிறோம், கடைக்காரர் கோவிப்பதில்லை. தங்கத்தில் ஏமாந்தால் நஷ்டம் வாங்கியவருக்கு. போல்ட் விஷயம் அப்படியில்லை. வாங்குபவர் ஒருவர், மாட்டுபவர் ஒருவர், அது விட்டுப்போகும் நேரத்தில் கீழே நிற்பவர் இன்னொருவர். கடைசி ஆளிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. பெரும்பாலும் அவர் ஒப்பந்தக் கூலியாகத்தான் இருப்பார்.

ஆகவே “இத்தனை வருஷமா சப்ளை பண்றார், அவரைப் போய்ச் சந்தேகப்படுறதா?” என்பது நியாயமான தயக்கம் இல்லை. நம்புவது நல்ல குணம்தான். ஆனால் அந்த நம்பிக்கைக்குப் பணயம் நம்முடையதாக இருக்க வேண்டும். அடுத்தவன் உயிரை வைத்துப் பெருந்தன்மை காட்ட நமக்கு உரிமை கிடையாது. குறி தேய்ந்துபோன பழைய போல்ட்டை “நல்லாத்தானே இருக்கு” என்று திரும்ப மாட்டுவதும் இதில்தான் சேரும். எந்த ரகம் என்று தெரியாதவரை அதைத் தனியே ஒதுக்கிவைப்பதே முறை.

விபத்து நடந்தபின் “அவன் தலையெழுத்து” என்று சொல்லிக் கலைந்துபோவது நமக்குப் பழக்கம். யாரும் வாசிக்க முடியாத எழுத்து என்பதால்தான் அந்தச் சொல் ஆறுதல் தருகிறது. ஆனால் போல்ட்டின் தலையெழுத்து வெறுங்கண்ணுக்கே தெரியும். ஸ்டோரிலிருந்து எடுத்துக் கொடுக்கும்போது ஒருவர் குனிந்து வாசித்தால் போதும்.