கட்டளையும் கேள்வியும்

மக்களைக் காப்பதற்காக எடுத்த அதிகாரத்துக்கு மக்களிடம் கணக்குச் சொல்லவேண்டுமா? காப்பாற்றிவிட்டோமே, பின் கணக்கெதற்கு என்பார் நம்மிடையே உளர். ஆசிரியர் அறைகளிலும் இக்குரலைக் கேட்டிருக்கிறேன். 2020 இல் நாம் கண்டவற்றை வைத்து இதனைச் சற்று ஆராயலாம்.

அவ்வாண்டு மார்ச் 2 இல் சனாதிபதி கோட்டாபய ராஜபக்ச பாராளுமன்றத்தைக் கலைத்தார். மார்ச் 20 இல் ஊரடங்கு வந்தது. ஏப்ரல் 25 இல் நடக்கவிருந்த தேர்தல் யூன் 20 க்கும் பின்னர் ஓகஸ்ட் 5 க்கும் தள்ளிப்போயிற்று. கலைத்த மூன்று மாதத்துள் புதிய மன்றம் கூடவேண்டும் என்பது அரசியலமைப்பின் விதி. அது கூடியதோ ஓகஸ்ட் 20 இல். பழைய மன்றம் செலவுக்கு அனுமதி அளித்திருந்த காலமும் ஏப்ரலுடன் முடிந்திருந்தது. அதனை மீளக் கூட்டுமாறு எதிர்க்கட்சிகள் கேட்டன, சனாதிபதி இணங்கவில்லை. உயர் நீதிமன்றத்தில் தாக்கலான மனுக்களை ஐவர் கொண்ட ஆயம் யூன் 2 இல் தொடக்கத்திலேயே தள்ளிவிட்டது.

ஈண்டு ஒரு நுட்பம் உண்டு. பொதுப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அவசரகால நிலையைப் பிரகடனஞ் செய்திருந்தால், கலைக்கப்பட்ட மன்றம் பத்தாம் நாள் தானாகவே கூடியிருக்கும். அது அங்கீகரியாவிடின் பிரகடனம் பதினான்கு நாளில் காலாவதியாகும். அங்கீகரித்தாலும் மாதந்தோறும் புதுப்பிக்கவேண்டும். கடும் அதிகாரம் கேட்பவன் கூடவே கேள்வியையும் ஏற்கவேண்டும் என்பதே அவ்விதியின் உட்பொருள். அரசு அப்பிரகடனத்தைச் செய்யவில்லை. 1897 ஆம் ஆண்டின் நோய்த் தடுப்புக் கட்டளைச் சட்டத்தையும் பொலிசாரின் ஊடக அறிவித்தல்களையும் கொண்டே நாட்டை அடைத்தது. ஊரடங்குக்கு உரிய சட்ட ஆதாரம் எங்கே என்று சட்ட அறிஞர் அன்றே வினவினர். மக்கள் தெரிந்த மன்றம் ஒன்று இல்லாத காலத்தில் வெள்ளைக்காரன் இயற்றிய சட்டம், மன்றம் இல்லாத இன்னொரு காலத்துக்கு நன்கு பொருந்திற்று! அச்சட்டத்தின் நிழலில் சில மாதங்களுக்குள் 60,000 பேருக்கு மேல் கைதாயினர்.

யாழ்ப்பாணம் அபாய வலயமாக அறிவிக்கப்பட்டு, குருநகர் இறங்குதுறை ஓய்ந்துகிடந்த நாட்களில், எங்கள் தெருச் சம்மாட்டியார் ஒருவர் படலையடியில் நின்று கேட்டார்: “மாஸ்ரர், வருத்தம் பொல்லாததுதான். பூட்டத்தான் வேணும். ஆனா கொழும்புக்குப் போற மீன் போகாட்டி இந்தச் சனம் என்னத்தைத் தின்னும் எண்டு ஆரிட்டக் கேக்கிறது?” கட்டளையை அவர் மறுக்கவில்லை. கேட்கும் இடத்தை மட்டுமே தேடினார். குடியியல் பாடம் கற்பிக்கும் எனக்கு அந்த இடத்தைக் காட்டத் தெரியவில்லை.

அவ்வாண்டு ஓகஸ்ட் தொடக்கம்வரை நாட்டில் இத்தொற்றால் இறந்தோர் 11 பேரே. அது பெரிய காரியம். மருத்துவரும் தாதியரும் பெற்றுத்தந்த வெற்றி. ஆனால் அது கேள்விக்கு விடையாகாது. வைத்தியன் நோயைத் தீர்த்தான் என்பதால் எந்த மருந்து கொடுத்தாய் என்று கேட்கும் உரிமை நோயாளிக்கு இல்லாமற் போவதில்லை. நியூசிலாந்திலும் நோய் அடக்கப்பட்டது. மன்றம் ஒத்திவைக்கப்பட்டிருந்த அந்நாட்களில், அரசை விசாரிக்க அங்கு அமைத்த குழுவுக்கு எதிர்க்கட்சித் தலைவரே தலைமை தாங்கினார்.

நம் இளைஞர் இதனினும் கூர்மையான ஆட்சேபம் ஒன்றை எழுப்புவர். 1983 முதல் 2011 வரை, சிற்சில இடைவெளிகள் நீங்கலாக, அவசரகாலச் சட்டத்தை மாதாமாதம் கைதூக்கி நீடித்ததும் இதே பாராளுமன்றந்தானே? அம்மன்றத்தால் தமிழர் கண்ட பயன் யாது? இதற்கு எளிய மறுமொழி என்னிடம் இல்லை. பெரும்பான்மைக் கரங்கள் நமக்கு நீதி தரா என்பதை அக்காலம் காட்டிற்று. ஆயினும் அந்த மாதாந்த விவாதங்களில் பேசப்பட்ட கைதுகளும் காணாமற்போனோர் கதைகளும் ஹன்சார்ட்டில் கிடக்கின்றன. கைதூக்கியவர் யார் என்பதும் கிடக்கின்றது. 2020 இன் அந்த ஐந்தரை மாதத்துக்கு அவ்வாறு புரட்டிப் பார்க்க ஓர் ஏடும் இல்லை.

அம்மாதங்களில் பிறந்த கட்டளைகளுள் ஒன்று தொற்றால் இறந்தோரின் உடலை எரித்தே ஆகவேண்டும் என்பது. ஏப்ரல் 11 இல் வர்த்தமானியில் வெளிவந்தது. புதைக்கலாம் என உலக சுகாதார நிறுவனம் கூறியிருந்தது, முஸ்லிம்கள் மன்றாடினர். புதிய மன்றம் கூடிய பின்னும் அது மாறவில்லை என்பதை மறைக்கக்கூடாது. டிசம்பர் 1 இல் உயர் நீதிமன்றம் மனுக்களை நிராகரித்தது. அம்மாதத்திலேயே பிறந்து இருபது நாளான குழந்தையொன்றும் பெற்றோர் இணங்காதிருக்க எரிக்கப்பட்டது. 2021 பெப்ரவரி 10 இல் எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் சபையில் எழுந்து வினவ, புதைக்க இடமளிக்கப்படும் என்றார் பிரதமர் மகிந்த ராஜபக்ச. மறுநாளே அரசதரப்பிலிருந்து அவ்வாக்குக்கு மாறான குரல் எழுந்தது. பாகிஸ்தான் பிரதமர் வந்துபோன பின்னர், பெப்ரவரி 25 இல் வர்த்தமானி திருத்தப்பட்டது. இதில் வெளிநாட்டு அழுத்தத்தின் பங்கு பெரிது. எனினும் பொறுப்புள்ள ஒருவர் வாயிலிருந்து முதன்முதல் ஒரு சொல்லை வாங்கியது சபையில் எழுந்த அந்த வினாவே. அது 2020 ஏப்ரலிலேயே எழுந்திருக்கவேண்டிய வினா. எழுப்ப அன்று சபை இல்லை.

மார்ச்சில் ஓட்டமாவடியில் முதல் உடல்கள் புதைக்கப்பட்டன. 2024 யூலையில், வேறொரு சனாதிபதியின் அமைச்சரவை, எரிக்கப்பட்டோரின் சமூகங்களிடம் மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது.