குரங்குக்குட்டிக்கு எத்தனை நிமிடம்?

அமெரிக்க பாஸ்கெட்பால் லீகான என்பிஏவின் ஆட்டம் ஒன்றில் பயிற்சியாளர் பங்குபோட வேண்டியது 240 நிமிடம். ஆட்ட நேரம் 48, களத்தில் ஐந்து பேர். ஒருவனுக்குக் கூட்டினால் இன்னொருவனுக்குக் குறையும். ஜெயிக்கிற அணிக்கு இதில் சிக்கல் அதிகமில்லை. நன்றாக ஆடுகிறவன் ஆடுவான். தோற்றுத் தோற்றுத் தன்னைப் புதிதாகக் கட்டிக்கொள்கிற அணிக்குத்தான் சங்கடம். நேற்று ஆடிக்காட்டிய மூத்தவனுக்கா, நாளை ஆடக்கூடிய பையனுக்கா?

நான் ஸ்ரீரங்கத்துக்காரன். திருச்சிக் கல்லூரி ஒன்றில் தத்துவம் நடத்தி ஓய்வுபெற்றவன். மாணவனாக இருந்தபோது பாஸ்கெட்பால் அணியிலும் இருந்தேன். ஆடினேன் என்று எழுதினால் பழைய நண்பர்கள் சிரிப்பார்கள், பெஞ்சில் இருந்தேன். அதனாலோ என்னவோ, அமெரிக்கப் பயிற்சியாளர்கள் "நிமிடங்களைச் சம்பாதிக்க வேண்டும்" என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு எங்கள் ஊர்ப் பழைய வழக்குதான் நினைவுக்கு வரும். பகவானின் அருள் சும்மா வருமா, நம் பக்கத்திலிருந்து ஏதாவது வேண்டுமா? ஒரு வியாஜமாவது, அதாவது ஒரு சாக்காவது, வேண்டும் என்பது வேதாந்த தேசிகர் வழி. காரணமே வேண்டாம், அது நிர்ஹேதுகம் என்பது பிள்ளை லோகாசாரியர் வழி. இதை எளிதாக்கி, முன்னதைத் தாயை இறுகப் பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டி என்றும், பின்னதைத் தாய் வாயில் கவ்விக்கொண்டு போகும் பூனைக்குட்டி என்றும் சொல்வார்கள்.

2015-16 சீசனின் லேக்கர்ஸ் அணியைப் பாருங்கள். கோபி பிரையன்டுக்கு வயது 37, இருபதாவது சீசன், கையில் ஐந்து சாம்பியன் பட்டங்கள். நவம்பர் கடைசியில் இத்தோடு விலகுகிறேன் என்று அறிவித்துவிட்டார். அந்த ஆண்டு அவர் எறிந்த பந்துகளில் நூற்றுக்கு 36கூட உள்ளே போகவில்லை. அதே அணியில், அணிகள் புதியவர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் இரண்டாவதாகத் தேர்வாகி வந்த 19 வயது டிஏஞ்சலோ ரஸ்ஸல். கூடவே, முந்தைய ஆண்டு முதல் ஆட்டத்திலேயே கால் முறிந்து சீசன் முழுவதையும் இழந்த ஜூலியஸ் ரேண்டில். டிசம்பரில் பயிற்சியாளர் பைரன் ஸ்காட் இருவரையும் தொடக்க ஐவரிலிருந்து எடுத்துப் பெஞ்சில் உட்காரவைத்தார்.

சீசன் முடிவில் சராசரியைப் பார்த்தால் வேடிக்கை. கோபிக்கும் ரஸ்ஸலுக்கும் ஆட்டத்துக்கு ஏறக்குறைய ஒரே அளவு, 28 நிமிடம். கணக்குப்பிள்ளை பார்த்தால் நீதி நடந்துவிட்டது என்பான். ஆனால் எந்த 28? சீசனின் தொடக்கத்தில் பல ஆட்டங்களில் நான்காவது கால்பகுதி வந்ததும் ரஸ்ஸல் வெளியே. முடிவு தீர்மானமாகும் நேரம் மற்றவர்களுக்கு.

தவறவிட்டவர்கள் இரண்டு பேரும்தான். கிழவர் தவறவிட்டால் அவருடைய இருபது ஆண்டுகளை நினைத்து மன்னித்தார்கள். பையன் தவறவிட்டால் பெஞ்ச். அதாவது கோபியைப் பூனைக்குட்டியாக வாயில் கவ்விக்கொண்டு போனார்கள். ரஸ்ஸலைக் குரங்குக்குட்டியாகப் பற்றிக்கொள்ளச் சொன்னார்கள். எனக்கு இது தலைகீழாகப் படுகிறது. கர்மம் பண்ணி முடித்தவனிடம் கணக்குக் கேட்கலாம், அவனால் சொல்ல முடியும். இன்னும் ஒன்றும் பண்ணாதவனிடம் என்ன கணக்கு? அவனுக்கு வேண்டியது முன்கூட்டிய மன்னிப்பு. கோபிக்குப் பட்ட கடன் பெரியதுதான், மறுக்கவில்லை. ஆனால் கடன்பட்டது நிர்வாகமும் ரசிகர்களும். அதை அடைக்க இன்னொருவனின் இளமையிலிருந்து எடுத்துக் கொடுப்பது தானமாகாது.

இந்தப் பாடம் கோபியிடமே இருந்தது. முதல் சீசனில் அவருக்குச் சராசரி 15 நிமிடம் சொச்சம்தான். அப்போது அதே அணியில் மூத்த ஆட்டக்காரராக இருந்தவர் இதே பைரன் ஸ்காட். 1997 மே மாதம், யூட்டா ஜாஸுக்கு எதிரான பிளேஆஃப் ஆட்டம், தோற்றால் வெளியே. அணியின் நட்சத்திரம் ஷகீல் ஓ'நீல் ஃபௌல்கள் நிறைந்து வெளியேறிவிட்டார். பயிற்சியாளர் டெல் ஹாரிஸ் பந்தை 18 வயதுப் பையன் கையில் விட்டார். கடைசி நிமிடங்களிலும் கூடுதல் நேரத்திலுமாக நான்கு எறிதல்கள் ரிங்கைக்கூடத் தொடவில்லை. ஆட்டம் போயிற்று, சீசன் முடிந்தது. அடுத்த சீசனில் அந்தப் பையன், லீகின் சிறந்தவர்கள் மட்டும் ஆடும் ஆல் ஸ்டார் ஆட்டத்தில் இருந்தான்.

கோபியின் கடைசி ஆட்டமும் யூட்டாவுக்கு எதிராகத்தான். நமக்கு அது 2016 சித்திரை முதல் நாள் காலை. வீட்டில் மாங்காய்ப் பச்சடிக்கு வெல்லம் இடித்துக்கொண்டிருந்தார்கள், நான் டிவியை விட்டு அசையவில்லை. 50 முறை எறிந்து 60 புள்ளி! பார்க்கப் பரவசமாக இருந்தது, பொய் சொல்லமாட்டேன். ஆனால் அன்று ஜெயித்தபிறகு லேக்கர்ஸின் மொத்தக் கணக்கு 17 வெற்றி, 65 தோல்வி.

அருளே போதும், பெரியவர்களே வேண்டாம் என்று போனால் என்ன ஆகும் என்பதற்கு அதே 2015-16இன் ஃபிலடெல்ஃபியா அணி இருக்கிறது. பெரும்பாலும் சிறுவர்கள், 10 வெற்றி, 72 தோல்வி. சீசனின் நடுவில், கிட்டத்தட்ட விலகியே போயிருந்த 36 வயது எல்டன் பிராண்டைத் தேடிப்பிடித்துக் கூட்டிவந்தார்கள். ஆடியது 17 ஆட்டம். அவர் வந்தது ஆட அல்ல, பக்கத்தில் இருக்க.

2024-25இல் சான் அன்டோனியோ அணி இரண்டையும் சேர்த்தது. 39 வயது கிறிஸ் பால் 82 ஆட்டங்களிலும் தொடக்க ஐவரில் இறங்கினார். அதே அணியின் புதுவரவு ஸ்டெஃபான் காசில் ஆண்டின் சிறந்த அறிமுக வீரர் விருதை வாங்கினார். வெற்றி 34தான், தோல்வி 48. இருந்தாலும் மூத்தவர் இருந்தது இளையவருக்குக் குறுக்கே நிற்கவில்லை.

லேக்கர்ஸ் 2017இல் ரஸ்ஸலை புரூக்ளினுக்கு அனுப்பியது. 2019இல் அங்கே அவர் ஆல் ஸ்டார். ரேண்டிலும் 2018இல் போனார். நியூயார்க்கில் 2021இல் அவரும் ஆல் ஸ்டார். ஸ்காட்டை 2015-16 சீசன் முடிந்ததுமே அனுப்பிவிட்டார்கள். 17 வெற்றி யார் ஆடினாலும் வந்திருக்கும். 65 தோல்விகளின் கடைசி நிமிடங்களை அந்த இரண்டு பையன்களுக்கும் கொடுத்திருக்க வேண்டும்.