நோட்டுப் புத்தகத்தில் ஒரு பொய்

பொங்கலூரில் எனக்குத் தெரிந்த அம்மாள் ஒருத்தி இருக்கிறாள். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. காலையில் கம்பெனி வண்டி ஏறினால், ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவு ஒன்பதரைக்குத்தான் வாசற்படி மிதிப்பாள். பத்து வருஷமாகச் சர்க்கரை வியாதி. வீட்டிலேயே விரலைக் குத்திப் பார்த்து, நோட்டுப் புத்தகத்தில் எழுதி, மாதம் ஒரு முறை ஆஸ்பத்திரி நர்ஸம்மாவிடம் காட்ட வேண்டும். எழுதினாள், 240 வந்த நாட்களில் 140 என்று எழுதினாள்!

மூன்று மாதச் சராசரியைச் சொல்லிவிடும் ரத்தப் பரிசோதனை ஒன்று உண்டல்லவா? அதில் குட்டு வெளிப்பட்டுவிட்டது. அதற்குள் பாதத்தில் மதமதப்பு. நோட்டை நம்பிய டாக்டர் மாத்திரையைக் கூட்டாமலே விட்டிருந்தார்.

“என்னை இப்பிடி ஏமாத்திப் போட்டீங்களே அக்கா!” என்றாளாம் நர்ஸம்மா.

ஏன் பொய் எழுதினீர்கள் என்று நானும் கேட்டேன்.

“அவங்க தங்கமானவங்கதானுங்க. நெம்பரு கூடிப் போச்சுன்னா மட்டும் மூஞ்சி சுருங்கிப் போகுதுங்க. அந்த மூஞ்சியப் பாக்கறதுக்குப் பொய்யே தேவலைன்னு தோணிப் போச்சுங்க.”

அந்த நர்ஸையும் நான் அறிவேன். கடமையில் கடுகளவு தவறாதவள். சஷ்டி விரதம் விடாதவள். வாயைக் கட்டுவது அவளுக்கு ஒழுக்கம். அவளுடைய வாழ்க்கைக்கு அது அழகுதான். ஆனால், அதே படியால் இன்னொருத்தியை அளந்தால்? 240 என்றதும் ‘இவளுக்கு மனக்கட்டுப்பாடு போதாது’ என்றுதான் அவள் காதில் விழுகிறது. ஷிப்டில் மாத்திரை போட நேரம் எது, கம்பெனி வாசலில் டீயோடு என்ன கிடைக்கிறது என்று கேட்கத் தோன்றவில்லை.

நர்ஸுகளுக்கென்று ஓர் உறுதிமொழி உண்டு. நைட்டிங்கேல் அம்மையாரின் பெயரால் 1893-ல் அமெரிக்காவில் எழுதியது. டாக்டருக்கு விசுவாசமாக உதவுவது, நோயாளியின் ரகசியம் காப்பது எல்லாம் அதில் இருக்கிறது. தனக்குத் தானே நர்ஸாகி வருஷக் கணக்கில் வாழும் நோயாளி அதில் இல்லை. குற்றமில்லை. மனிதனுக்கு முதல் இன்சுலின் ஊசி போட்டதே 1922-ல்தானே!

இன்று நிலைமை வேறு. 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியது. சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரைகளைப் பெண் தன்னார்வலர்கள் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கும் திட்டம். ஒரு நாள் கூலி போகாமல் மாத்திரை கிடைப்பது சின்ன விஷயமா? ஆனால் மாத்திரை வீடு தேடி வருகிற வழியில் வசவும் வரலாம் என்பதுதான் என் கவலை.

அப்படியானால் நர்ஸ் கண்டிக்கவே கூடாதா என்று கேட்பீர்கள். வாய் மூடியிருக்கும் நர்ஸ் இன்னும் மோசம். கால் போய்விடும் என்றால் போய்விடும் என்று சொல்லத்தான் வேண்டும். முதலில் உண்மை அவள் காதுக்கு வர வேண்டுமே!

சென்ற மாதம் அந்த அம்மாள் புது நோட்டு ஒன்று வாங்கியிருக்கிறாள். முதல் பக்கத்தில் 236. கை நடுங்கிக்கொண்டே நீட்டினாளாம். நர்ஸம்மா வெகுநேரம் அதையே பார்த்துவிட்டுக் கேட்டாளாம்:

“ராத்திரி எத்தனை மணிக்குங்க அக்கா சாப்பிட்டீங்க?”