ஸ்பேனர் போக இடம்

வெள்ளி இரவு

இன்று மீட்டிங்கில் நான் சொன்ன ஒரு வாக்கியத்தை அப்படியே எழுதி வைக்கிறேன். "முப்பத்தோரு வருஷமா டிராயிங் போட்டுட்டு இருக்கேம்மா."

கேள்வி கேட்டவர் எங்கள் டிசைன் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் இஞ்சினியர். வந்து எட்டு மாதம் ஆகிறது. மோட்டாரைத் தாங்கும் பிராக்கெட்டின் படம் திரையில் இருந்தது. "சார், இந்தத் திக்னஸ் கணக்குப் போட்டு வந்ததா, பழைய டிராயிங்ல இருந்து எடுத்ததா?" என்றார். குரலில் குத்தல் எதுவும் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

பழைய டிராயிங்கில் 12 மில்லிமீட்டர் இருந்தது, அதையே எடுத்தேன். இதைச் சொல்ல ஒரு நொடி போதும். நான் வருடக்கணக்கைச் சொன்னேன். அவர் தலை குனிந்து நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டார். அதற்குப் பிறகு யாரும் எதுவும் கேட்கவில்லை.

நான் சொன்னது பொய்யில்லை. ஆனால் அவர் கேட்டதற்கு அது பதிலும் இல்லை. சோறு இறங்கவில்லை.

சனி

காலையில் அலமாரியிலிருந்து 'என் சரித்திர'த்தை எடுத்தேன். உ.வே.சாமிநாதையரின் வாழ்க்கையில் ஒரு தேதியைத் திரும்பிப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. 1880 அக்டோபர் 21, வியாழக்கிழமை.

அப்போது அவருக்கு 25 வயது. கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்து அதுவும் எட்டு மாதம்தான். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் படித்தவர், திருவாவடுதுறை மடத்தில் மதிக்கப்பட்டவர். முன்சீப்பாகக் கும்பகோணத்துக்கு மாற்றலாகி வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்கிறார். ஐயர் சொல்கிறார்: அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், உலாக்கள், கோவைகள், புராணங்கள். பட்டியல் நீள்கிறது. முதலியார் முகத்தில் ஒரு அசைவும் இல்லை. இவற்றையெல்லாம் படித்து என்ன பயன் என்கிறார். பிறகு சீவக சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை படித்ததுண்டா என்று கேட்கிறார்.

படித்ததில்லை. கண்ணால் பார்த்ததுகூட இல்லை.

அந்த அறையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்க்கிறேன். கேட்டவர் பெரிய கிழவர் இல்லை. ஐயரைவிட மூன்று வயதுதான் மூத்தவர், தமிழாசிரியரும் இல்லை. ஐயருக்கு எவ்வளவோ பதில் இருந்தது. பிள்ளையவர்களின் மாணாக்கன் நான் என்ற ஒன்றே தஞ்சாவூர் ஜில்லாவில் யாரையும் வாயடைக்கப் போதும். அவர் சொன்னது வேறு. புத்தகம் கிடைக்கவில்லை, கிடைத்தால் படிக்கும் தைரியம் உண்டு என்றார். அதில் ரோஷமும் இருந்தது, கதவும் திறந்திருந்தது. முதலியார் நிமிர்ந்து பார்த்தது அப்போதுதான்.

பிறகு மறுபடி போனார். இந்த இடத்தில்தான் என் மனம் நிற்கிறது. முதல் சந்திப்பில் நடந்தது யாருக்கும் நடக்கலாம். மறுபடி அதே வீட்டுப் படியேறுவது எல்லோருக்கும் நடப்பதில்லை. சிந்தாமணி கைக்கு வந்தபோது அது புரியவில்லை. ஜைன நூல், அந்தச் சமயத்தின் சொற்களும் வழக்கங்களும் அவருக்குப் புதியவை. கும்பகோணத்தில் இருந்த ஜைனர்களைத் தேடிப்போய்ச் சந்தேகம் கேட்டார். பகலில் கல்லூரியில் ஆசிரியர், வேலை முடிந்தால் மாணவர். சிந்தாமணிப் பதிப்பு வெளிவந்தது 1887இல். ஏழு வருடம். சிலப்பதிகாரம் 1892, மணிமேகலை 1898. முதலியார் அன்று பேர் சொன்ன மூன்றும் ஐயர் கையாலேயே அச்சேறின.

தொழிலில் முன்னேறுவது எப்படி என்று சொல்லும் புத்தகங்களை நானும் வாங்கியிருக்கிறேன். தன்னம்பிக்கையோடு பேசு, உன் பலத்தை எடுத்துச் சொல் என்பார்கள். வெள்ளிக்கிழமை நான் செய்தது அதுதான்.

இன்னொன்று. 'என் சரித்திரம்' ஆனந்த விகடனில் தொடராக வரத் தொடங்கியது 1940இல். ஐயருக்கு வயது 85, மகாமகோபாத்தியாயர், டாக்டர். அந்த வியாழக்கிழமையை மறைத்திருந்தால் கேட்பதற்கு யாரும் இல்லை. முதலியார் காலமாகி ஐம்பது வருடம் நெருங்கிக்கொண்டிருந்தது. அவர் அதை ஒளிக்காமல் ஊரறிய எழுதினார்.

சனி, மாலை

எனக்கும் ஒரு முதலியார் இருந்தார். பெயர் எழுத வேண்டாம், அவர் குடும்பம் இங்கே பக்கத்தில்தான் இருக்கிறது.

1997. அம்பத்தூரில் ஒரு சின்னக் கம்பெனி. கம்ப்யூட்டர் வந்திராத இடம். சாய்வான போர்டு, டிராஃப்டர், டிரேசிங் பேப்பர், மைப் பேனா. தப்பு வந்தால் பிளேடால் சுரண்ட வேண்டும், கொஞ்சம் அழுத்தினால் பேப்பர் ஓட்டையாகும். என் எழுத்து அச்சடித்ததுபோல் இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். அம்மோனியா பிரிண்ட் எடுத்து நெடியோடு ஷாப்புக்கு அனுப்புவேன். நான் போவதில்லை. சட்டையில் எண்ணெய் படும்.

ஒருநாள் அசெம்பிளியிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டார். போனேன். கியர்பாக்ஸ் ஹவுசிங் ஒன்று மேடைமேல் இருந்தது. ஃபிட்டர் அண்ணன், ஐம்பது வயதிருக்கும், ஒரு எம்16 போல்ட்டை எடுத்து அதன் ஓட்டையில் உட்கார வைத்தார். உட்கார்ந்தது. தலைக்கும் பக்கத்திலிருந்த ரிப்புக்கும் நடுவில் ஒரு மில்லிமீட்டர் சந்து. என் டிராயிங்படி எல்லா அளவும் சரி. அவர் 24 ஸ்பேனரை என் கையில் கொடுத்தார்.

"முடுக்கு தம்பி."

ஸ்பேனர் போகவில்லை. சாக்கெட் வைத்துப் பார்த்தேன், அதுவும் போகவில்லை. சுற்றி நாலு பேர் நின்றார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. அண்ணன் கிரைண்டரை எடுத்து, ரிப்பில் எவ்வளவு தேய்க்கலாம் என்று மட்டும் கேட்டார். எனக்கு அதுவும் தெரியவில்லை.

அதற்குப் பிறகு பத்து நாள் அந்தப் பக்கம் போகவில்லை. அந்தப் பத்து நாளில் நான் என்ன ஆகியிருப்பேன் என்று இப்போது நினைத்தால் பயமாக இருக்கிறது. வார்ப்பில் கோளாறு, இவர்களுக்கு டிராயிங் படிக்கத் தெரியவில்லை என்று எனக்குள் ஒரு கதை தயாராகிக்கொண்டிருந்தது. அது முழுசாகியிருந்தால் இன்றைக்கும் அதைச் சொல்லிக்கொண்டிருப்பேன். பதினோராம் நாள் டீ நேரத்தில் இறங்கிப் போனேன். அண்ணன் எதையும் நினைவுபடுத்தவில்லை. "இத புடி" என்று ஒரு ஷாஃப்ட்டின் முனையைக் கொடுத்தார். அப்படி இரண்டு வருடம், தினம் அரைமணி.

அவரிடமிருந்து வந்த பழக்கம்தான், எந்தப் படத்திலும் போல்ட்டைச் சுற்றி மெல்லியதாக ஒரு வட்டம் போட்டுப் பார்ப்பது. ஸ்பேனர் சுழல அவ்வளவு இடம் வேண்டும். முதலில் பென்சிலில் போட்டு அழித்தேன், இப்போது திரையில் போட்டு அழிக்கிறேன்.

ஞாயிறு

கும்பகோணத்து வேலை ஐயருக்கு எப்படி வந்தது என்பதையும் நேற்று மறுபடி வாசித்தேன். அந்த இடத்தில் இருந்தவர் தியாகராச செட்டியார். அவரும் பிள்ளையவர்களின் மாணாக்கர்தான். ஓய்வு பெறும்போது தன் நாற்காலிக்கு இளைஞர் ஒருவரைத் தேடிப்போய், மடத்திலிருந்து அழைத்துவந்து உட்கார வைத்தார். எத்தனையோ பேர் அந்த இடத்துக்குக் காத்திருந்திருப்பார்கள். பிற்காலத்தில் ஐயர் திருவல்லிக்கேணியில் தாம் வாழ்ந்த வீட்டுக்குத் தியாகராஜ விலாசம் என்று பேர் வைத்தார்.

இதை வாசிக்கும்போது முதலில் ஐயரின் நன்றிதான் பெரிதாகத் தெரிந்தது. இரண்டாம் முறை வாசித்தபோது செட்டியார் தெரிந்தார். எனக்கு இன்னும் ஐந்து வருடம் இருக்கிறது. இந்த மேசையில் எனக்குப் பிறகு உட்காரப் போவது அநேகமாக அந்தப் பெண்தான். வெள்ளிக்கிழமை அவர் தலை குனிந்து எழுதியது என்ன என்று தெரியவில்லை. இனிமேல் இவரிடம் கேட்கக் கூடாது என்று எழுதியிருந்தால், அவர் ஐந்து வருடமும் பழைய டிராயிங்கின் 12 மில்லிமீட்டரையே எடுத்துப் போடுவார். அது என்னிடமிருந்து போனதாக இருக்கும்.

அந்தப் பன்னிரண்டை முதலில் போட்டது யார் என்று எனக்கும் தெரியாது. அவரும் இன்னொரு பழைய டிராயிங்கைப் பார்த்திருக்கலாம்.

ஞாயிறு இரவு

போன மாதம் அவர் அனுப்பிய அனாலிசிஸ் ரிப்போர்ட் ஒன்று மெயிலில் இருந்தது. கடைசிப் பக்கத்தில் பாஸ் என்று இருப்பதைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருந்தேன். இன்று முதல் பக்கத்திலிருந்து படித்தேன். புரியாத சொற்களைக் கீழே எழுதுகிறேன்.

மெஷ். பவுண்டரி கண்டிஷன். வான் மைசஸ்.

நாளை ஒன்பது மணிக்கு அவர் மேசைக்குப் போக வேண்டும். முதலில் பன்னிரண்டு பழைய டிராயிங்கிலிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும். பிறகு மெஷ் கேட்கலாம்.