விருந்தினரும் வீட்டுக்காரரும்

மாதுங்காவில் ஒரு மாலை சத்சங்கம் முடிந்து எல்லோரும் கலைந்த பின், தாராவியிலிருந்து வந்திருந்த அன்பர் ஒருவர் தயங்கியபடி அருகில் வந்தார்.

"மகராஜ், எங்கள் வீடு ஒரே அறை. நானும் மனைவியும் இரண்டு குழந்தைகளும் இருக்கிறோம். ஊரிலிருந்து என் பால்ய நண்பன் வைத்தியத்திற்காக வந்து எங்களோடு தங்கியிருக்கிறான். ஒரு வாரம் என்று வந்தவன், ஐந்து வாரமாகிவிட்டது. முதலில் மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. இப்போது அவன் இருமினால்கூட எரிச்சல் வருகிறது. நேற்று இரவு அவனாகவே, 'நான் வெளியே திண்ணையில் படுத்துக்கொள்கிறேன்' என்றான். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. இரவெல்லாம் தூக்கம் வரவில்லை. நான் பாவம் செய்துவிட்டேனா?"

இந்தக் கேள்வி அவருடையது மட்டுமன்று. தாராவியிலும் செம்பூரிலும் ஊர்க்காரர்களுக்குத் தங்கள் ஒற்றை அறையைப் பகிர்ந்தளித்து வாழும் பலருடைய கேள்வி அது. நூறாண்டுகளுக்கும் முன் வடநாட்டின் சிறிய ஊர் ஒன்றில் நடந்த நிகழ்ச்சி இதற்கு வெளிச்சம் தருகிறது.

காஜிப்பூரில் ஒரு குளிர்காலம்

1889-ஆம் ஆண்டின் இறுதி. சகோதரத் துறவியான யோகானந்தர் அம்மை நோயால் அலகாபாத்தில் படுத்திருக்கிறார் என்று அறிந்ததும் சுவாமி விவேகானந்தர் அங்கு விரைந்து சென்று பணிவிடை செய்தார். அவர் குணமான பின், 1890 ஜனவரியில், கங்கைக் கரையிலுள்ள காஜிப்பூருக்கு வந்தார். அப்போது அவருக்கு வயது 27. கையில் பணமில்லை, உலகம் அவரை அறியவுமில்லை.

அந்தக் குளிரில் அவருக்குக் கதவைத் திறந்தவர் இளமைக்கால நண்பர் சதீஷ் சந்திர முகர்ஜி. பின்னர் அதே ஊரில் வசித்த ககன் சந்திர ராயின் இல்லத்திலும் சுவாமிஜி தங்கினார். ஊர் இனிமையாக இருப்பதையும், மணலில் நடந்து சென்று கங்கையில் நீராடுவது சிரமமாக இருப்பதையும் காசியிலிருந்த பிரமதாதாஸ் மித்ரருக்கு எழுதிய கடிதத்தில் குறிப்பிடுகிறார். இடுப்பு வலியும் அவரை வாட்டியது. எனினும் அந்த ஊரில் அவர் தங்கியது சில நாட்கள் அல்ல. ஏப்ரல் வரை நீண்டது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த விருந்தோம்பலின் பாரம் முழுவதும் ஒரே வீட்டின் மேல் விழவில்லை. ஒருவர் வரவேற்றார், மற்றொருவர் தொடர்ந்தார். அன்பைப் பங்கிட்டுக்கொள்வதால் அன்பு குறைவதில்லை; பாரம்தான் குறைகிறது.

பிறரை வழிபடுதல்

சுவாமிஜி காஜிப்பூருக்கு வந்தது பவஹாரி பாபாவைத் தரிசிப்பதற்காக. பாபா நிலவறையில் தவம் செய்பவர். எவரையும் எளிதில் சந்திக்க மாட்டார். பேசினாலும் கதவுக்குப் பின்னாலிருந்தே பேசுவார்.

அவரைப் பற்றிச் சுவாமிஜி பிற்காலத்தில் எழுதிய வாழ்க்கைச் சித்திரத்தில் இரண்டு செய்திகள் நம் சிந்தனைக்குரியவை. பாபா சமையலில் வல்லவர். உணவு சமைத்து இறைவனுக்கு நிவேதித்து, நண்பர்களுக்கும் ஏழைகளுக்கும் பரிமாறுவார். இரவு அனைவரும் உறங்கிய பின் கங்கையை நீந்திக் கடந்து அக்கரையில் தவமிருப்பார். விடியுமுன் திரும்பி வந்து அவர்களை எழுப்பி மீண்டும் சேவையைத் தொடங்குவார். அவருடைய உணவோ நாளடைவில் ஒரு பிடி வேப்பிலையாகவோ சில மிளகாய்களாகவோ சுருங்கியது. பிறருக்குச் செய்த உபசாரமே அவருக்கு வழிபாடு.

மற்றொன்று திருடனைப் பற்றியது. ஒருநாள் ஆசிரமத்தில் திருடன் புகுந்தான். பாபாவைக் கண்டதும் மூட்டையைப் போட்டுவிட்டு ஓடினான். பாபா மூட்டையை எடுத்துக்கொண்டு வெகுதூரம் அவன் பின்னாலேயே ஓடினார். அதை அவன் காலடியில் வைத்து, தாம் குறுக்கே வந்ததற்குக் கண்ணீருடன் மன்னிப்புக் கேட்டார். பொருள் அவனுடையதே என்றார்!

திருடனிடத்தும் அவர் நாராயணனையே கண்டார். 'என் வீடு, என் பொருள்' என்ற எண்ணம் அறவே அற்ற இடத்தில், வருபவர் எவரும் அந்நியர் அல்லர்.

நாம் செய்யக்கூடியது

பாபாவின் நிலை நமக்கு உடனே கைகூடுவதன்று. ஐந்து வாரம் நெருக்கடியில் இருக்கும் இல்லறத்தாருக்கு எரிச்சல் வருவது இயல்பு. களைத்த உடலில் தோன்றும் எரிச்சல் பாவமன்று. ஆனால் அதற்கு வீட்டுக்காரர் பதவியைக் கொடுத்துவிடக் கூடாது.

முகர்ந்தால் அனிச்ச மலர் வாடும். நம் முகம் மாறினாலே விருந்தினர் வாடிவிடுவார் என்கிறார் திருவள்ளுவர். அந்த நண்பர் திண்ணைக்குப் போகிறேன் என்றது ஏன்? யாரும் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவர் முகத்தைப் படித்துவிட்டார்.

ஆகவே அன்பரிடம் மூன்று செய்திகளைச் சொன்னேன். முதலாவது, இன்றிரவே அவரை உள்ளே அழையுங்கள்; நேற்று மௌனமாக இருந்ததற்கு வருத்தம் தெரிவியுங்கள். இரண்டாவது, உங்கள் சிரமத்தை மறைக்காமல் அண்டை வீட்டாரிடம் சொல்லி உதவி கேளுங்கள். காஜிப்பூரில் நண்பர்கள் செய்தது போல ஓரிடத்தில் உணவு, ஓரிடத்தில் படுக்கை என்று பகிர்ந்துகொள்ளுங்கள். மூன்றாவது, காலையில் அவருக்குத் தேநீர் கொடுக்கும்போது அதை நிவேதனமாக எண்ணிக் கொடுங்கள். ஒரு குவளைத் தேநீரில் தொடங்கினால் போதும்.

விருந்தினருக்கும் ஒரு தர்மம் உண்டு. காசியில் சகோதரத் துறவி அபேதானந்தர் நோயுற்றிருப்பதை அறிந்ததும் சுவாமிஜி காஜிப்பூரை விட்டுப் புறப்பட்டார். சேவை செய்துவிட்டு அங்கு வந்தவர், சேவை செய்வதற்காகவே அங்கிருந்து சென்றார். பெற்ற அன்பை அவர் தம்மிடமே தேக்கி வைத்துக்கொள்ளவில்லை.

சில நாட்கள் கழித்து அந்த அன்பர் மீண்டும் வந்தார். இரவில் பக்கத்து வீட்டாரும் ஒரு பாய் விரிக்க இடம் தந்தார்களாம். "அறை அதே அளவுதான் மகராஜ். ஆனால் இப்போது இடம் இருக்கிறது" என்றார்.

நாமும் இந்த உடலில், இந்த உலகில், சில காலம் தங்க வந்தவர்களே. இதை மறவாதிருப்பவர் வாசலில் நிற்பவரிடம், 'எத்தனை நாள் இருப்பாய்?' என்று கேட்க மாட்டார்.