எடுக்கலாம், வெளியிடலாமா?

கூடங்குளம், இராதாபுரம், வள்ளியூர் வட்டாரத்தில் பொங்கலோ கோயில் கொடையோ வந்துவிட்டால், சுவரொட்டிகளில் ‘மாபெரும் மின்னொளி கபடிப் போட்டி’ என்ற வரியைப் பார்க்கலாம். செம்மண் கொட்டிச் சமன் செய்த களம், கம்பம் நட்டுக் கட்டிய விளக்குகள், சுழற்கோப்பை, ரொக்கப் பரிசு எல்லாம் பழையவை. கோட்டுக்கு வெளியே தரையோடு தரையாகக் குந்தியிருக்கும் கேமராக்காரர்களும், அவர்களுக்குப் பின்னே உயர்ந்து நிற்கும் கைப்பேசிகளும் புதியவை. பாடிப்போன பையன் பிடிபட்டு எழுந்து மண்ணைத் தட்டுவதற்குள் அவன் விழுந்த காட்சி ஊரெல்லாம் ஸ்டேட்டஸில் ஓடுகிறது. அவனிடம் யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டுமா?

வேண்டாம் என்பவர்களின் வாதத்தில் வலு இருக்கிறது. ஊர் கூடிப் பார்க்கத்தான் ஆட்டம். களத்தில் இறங்கியவர் பார்க்கப்பட இசைந்தே இறங்குகிறார். படம் பல நேரம் நீதியின் பக்கம் நின்றிருக்கிறது. 1967-இல் பாஸ்டன் மாரத்தானில் ஓடிக்கொண்டிருந்த கேத்ரின் ஸ்விட்சரை ஒரு நிர்வாகி பிடித்து வெளியேற்றப் பாய்ந்தார். பெண்கள் நெடுந்தூரம் ஓடக்கூடாது என்ற மூடத்தனத்தை உலகுக்கு அம்பலப்படுத்தியவை அப்போது எடுத்த படங்கள்தாம். அனுமதி கேட்டுக்கொண்டிருந்தால் அவை கிடைத்திருக்காது. 2012-இல் கூடங்குளம் அணுஉலையை எதிர்த்து இடிந்தகரை மக்கள் கடலில் இறங்கி நின்ற காட்சியும் கேமராக்களின் வழியாகவே வெளியூர் போய்ச் சேர்ந்தது. படத்தின் பலன் என்னவென்று இந்தக் கரைக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

கல்லூரி ஆட்டக்காரருக்குப் படம் அதைவிடவும் தேவை. தாமிரபரணிக் கரையில் மணத்தி என்ற சிற்றூரிலிருந்து புறப்பட்ட கணேசன், 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் இந்தியக் கபடி அணியோடு தங்கம் வென்றார். அர்ஜுனா விருதும் பெற்றார். அந்த உயரத்தை எட்டாமல் மண்டல அளவில் நின்றுபோனவர்களுக்கு மிஞ்சுவது ஒரு சான்றிதழும், லேமினேட் செய்த ஒரு பத்திரிகைத் துண்டும்தான். வீட்டுச் சுவரில் மாட்டிய அந்தப் படம் அப்பாவின் மனத்தை மாற்றியிருக்கலாம். தங்கையையும் மைதானத்துக்கு அனுப்பியிருக்கலாம். யாரும் படமே எடுக்கக்கூடாது என்பவர், இவர்களின் உழைப்புக்குச் சாட்சி இல்லாமல் செய்கிறார்.

ஆனாலும் களத்தில் இறங்க இசைந்தவர் எதற்கெல்லாம் இசைந்தார்? 2014-இல் தொடங்கிய புரோ கபடி லீக்கில் ஆடுபவர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுச் சம்பளம் வாங்குகிறார். அவர் முகமும் அந்தத் தொழிலில் சேர்த்தி. பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்தில் ஓடும் முதலாண்டு மாணவி எதிலும் கையெழுத்திடவில்லை. அவருக்குக் காசும் இல்லை. அன்றைக்கு வந்து உட்கார்ந்த நானூறு பேர் பார்க்க அவர் இசைந்தார். அறியாதவர்கள் நிறுத்தி, பெரிதாக்கி, திரும்பத் திரும்பப் பார்க்க அவர் இசைந்ததாக எப்படிக் கொள்வது? 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி படம் எடுத்தவருக்குச் சொந்தம். காசு கொடுத்து எடுக்கச் சொன்னால், சொன்னவருக்குச் சொந்தம். ஓடியவருக்கு அதில் பங்கில்லை. சட்டம் கைவிட்ட இந்த இடத்தில் அறம்தான் அவருக்குத் துணை.

1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கின் இரண்டு காட்சிகளை நினைத்துப் பார்க்கலாம். 400 மீட்டர் தடை ஓட்டத்தில் பி.டி. உஷா நொடியில் நூறில் ஒரு பங்கில் வெண்கலத்தை இழந்தார். அதைத் தீர்மானித்தது எல்லைக்கோட்டுக் கேமரா. அந்தப் படம் போட்டியின் ஓர் உறுப்பு. அதே ஒலிம்பிக்கில், பெண்களுக்கு முதன்முதலாக நடந்த மாரத்தானில், சுவிட்சர்லாந்தின் கேப்ரியேலா ஆண்டர்சன் ஷீஸ் வெயிலில் துவண்டு, உடல் ஒரு பக்கம் சாய, தள்ளாடியபடி கடைசிச் சுற்றை முடித்தார். அது உலக அரங்கு. அவர் தேர்ந்த வீராங்கனை. படம் மனத்திண்மைக்கு அடையாளமானது. கல்லூரி விளையாட்டு விழாவில் மயங்கி விழும் பெண்ணுக்கு அந்தக் கௌரவம் கிடைக்காது. வகுப்புக் குழுவில் கேலிப்படமாகத்தான் அது சுற்றும்.

பெண்களின் படங்களில் இன்னொரு கேடும் உண்டு. 2021-இல் டோக்கியோவில் ஜெர்மனியின் ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனைகள் கணுக்கால் வரை மூடிய உடையில் களமிறங்கினார்கள். தங்களைப் பாலியல் பண்டமாகப் பார்க்கும் பார்வைக்கு அது எதிர்ப்பு. அந்தப் பார்வைக்குத் தூரத்து லென்ஸ் வசதியான கருவி. உயரம் தாண்டும் பெண்ணின் தாண்டலை விட்டுவிட்டு உடலை மட்டும் வெட்டியெடுத்த ஒரு படம் வீட்டுக்கு எட்டினால், மறுநாள் அவர் பயிற்சிக்கு வரமாட்டார். படமெடுத்தவருக்குக் கிடைத்தது சில லைக்குகள். அந்தப் பெண் இழந்ததோ விளையாட்டையே.

நெல்லைச் சீமைக்கே உரிய ஆபத்து ஒன்றையும் மறைத்துப் பேச முடியாது. 2025 மார்ச்சில் ஸ்ரீவைகுண்டம் பக்கம் தேர்வு எழுதப் பேருந்தில் சென்ற பட்டியல் சாதிப் பள்ளி மாணவர் ஒருவரை வழிமறித்து வெட்டினார்கள், கைவிரல்கள் துண்டாயின. கபடியில் தோற்ற ஆத்திரமே காரணம் என்று குடும்பத்தார் குற்றம்சாட்டினார்கள். கையில் கட்டிய கயிற்றின் நிறத்தையும் பனியனின் நிறத்தையும் வைத்துச் சாதியைக் கணக்கிடும் மண்ணில், வென்ற அணியின் படத்தோடு சாதிப் பெருமைப் பாட்டைச் சேர்த்து ரீல்ஸ் போடுகிறவர், ஆடிய பையன்களின் தலையில் பகையைக் கட்டிவிடுகிறார். பாட்டைத் தேர்ந்தவர் வீட்டில் பத்திரமாக இருப்பார். பேருந்தில் போக வேண்டியவன் ஆடியவன்.

ஆகவே, எடுப்பதும் வெளியிடுவதும் இரு வேறு செயல்கள். எடுப்பதற்கு மைதானத்தின் பொதுத்தன்மை போதும். வெளியிடுவதற்கு ஆடியவரின் விருப்பம் வேண்டும். போட்டி நடத்துபவர்கள் பதிவுப் படிவத்திலேயே இதற்கு ஒரு வரி சேர்க்கலாம், ஒலிபெருக்கியில் அறிவிக்கலாம். பதினெட்டு வயது நிரம்பாதவர் என்றால் பெற்றோரிடம் கேட்க வேண்டும். பெயரையும் ஊரையும் படத்தோடு ஒட்டக்கூடாது. காயம், மயக்கம், கிழிந்த உடை ஆகியவற்றைப் பகிரவே வேண்டாம். நீக்கச் சொன்னால் காரணம் கேட்காமல் நீக்க வேண்டும். நடுவரின் அநீதியோ அடிதடியோ நடந்தால் அதை வெளிக்கொணரத் தவறு செய்தவரின் அனுமதி தேவையில்லை. பாதிக்கப்பட்டவரின் முகத்தை மட்டும் மறைத்தால் போதும்.

இத்தனையும் நினைவில் நிற்காது என்பவர்களுக்கு ஒரே கேள்வி போதும்: இந்தப் படத்தை ஆடியவர் தன் வீட்டுச் சுவரில் மாட்டுவாரா? மாட்டுவார் என்றால் முதல் பிரதியை அவருக்கு அனுப்பிவிட்டு ஊருக்குக் காட்டுங்கள். சந்தேகம் என்றால் அழித்துவிடுங்கள்.