அழிப்பது அருளாகுமா?

நடராசப் பெருமானுக்கு உரிய ஐந்து சபைகளில் குற்றாலத்தின் சித்திர சபையும் ஒன்று. சிதம்பரத்தில் பொன், மதுரையில் வெள்ளி, திருநெல்வேலியில் செம்பு, திருவாலங்காட்டில் இரத்தினம் என்று மற்ற நான்கும் பெயர் பெற்றிருக்க, குற்றாலத்தில் அவர் சுவரில் தீட்டிய வண்ணமாக ஆடுகிறார். அந்த ஆட்டத்துக்கு ‘உண்மை விளக்கம்’ சொல்லும் பொருளைச் சைவர்கள் அறிவார்கள். உடுக்கை படைப்பு, அமைத்த கரம் காப்பு, ஏந்திய நெருப்பு அழிப்பு, ஊன்றிய பாதம் மறைப்பு, தூக்கிய பாதம் அருள். படைப்பையும் காப்பையும் அருட்செயல் என்று ஒப்புக்கொள்ள யாரும் தயங்குவதில்லை. நெருப்பிடம் வரும்போதுதான் மனம் தடுக்கிறது. அருணந்தி சிவாசாரியாரோ ‘சிவஞான சித்தியாரில்’, அழிப்பு என்பது உயிர்களின் களைப்பைப் போக்கி இளைப்பாற்றுவது என்கிறார். இது துயரத்தில் இருப்பவருக்குச் சொல்லும் ஆறுதல் மொழிதானா, இல்லை, உலகம் நடக்கும் விதத்தைப் பற்றிய உண்மையா? உண்மைதான் என்பது என் துணிபு. அதற்கு ஒரு நல்ல சான்று நம் உடம்பின் செல்களுக்குள்ளேயே கிடைக்கிறது.

செல்லைப் போர்த்தியிருக்கும் சவ்வில் பலவகைப் புரதங்கள் பதிந்திருக்கின்றன. அவற்றில் ஒன்று வளர்ச்சிக் காரணியை வாங்கிக்கொள்ளும் ஏற்பி. காரணி வந்து ஒட்டியதும், வளரவும் பிரியவும் அது செல்லுக்குள் ஆணை அனுப்புகிறது. ஆணை தேவைதான், ஓயாத ஆணை புற்றுநோயில் கொண்டுபோய் விடும். ஆகவே வேலை முடிந்த ஏற்பியின் வாலில் சிபிஎல் என்ற நொதி ஓர் அடையாளத்தை ஒட்டுகிறது. 76 அமினோ அமிலங்களால் ஆன யுபிக்விட்டின் என்ற சின்னஞ்சிறு புரதமே அந்த அடையாளம். பிறகு ஏற்பி சவ்வோடு உள்ளே இழுக்கப்பட்டு எண்டோசோம் என்னும் பைக்கு வந்து சேர்கிறது. தரம் பிரிப்பது அங்கேதான். இரும்பைக் கொண்டுவந்த ஏற்பியும் கொழுப்பைக் கொண்டுவந்த ஏற்பியும் சுமையை இறக்கிவிட்டுச் சவ்வுக்கே திரும்புகின்றன. கொழுப்பு ஏற்பி ஒன்று தன் ஆயுளுக்குள் நூறு முறைக்கு மேல் இப்படிப் போய்வருகிறது. அடையாளம் பெற்றவற்றை எஸ்கார்ட் எனப்படும் புரதக் குழுக்கள் பிடித்துக்கொள்கின்றன. ஈஸ்ட் செல்களில் இவற்றுள் ஒரு குழுவை ஸ்காட் எம்ரின் ஆய்வகம் 2001-இல் விவரித்தது. இதில் என்னை மிகவும் ஈர்ப்பது ஒரு நுட்பம். எண்டோசோமுக்குள் வந்த பிறகும் ஏற்பியின் வால் செல்லின் உட்பக்கம் நீட்டிக்கொண்டே இருப்பதால் ஆணை ஓய்வதில்லை. எஸ்கார்ட் குழுக்கள் அந்தச் சவ்வைப் பையின் உள்நோக்கிக் குமிழாக்கி மூடிய பின்புதான் ஏற்பியின் குரல் அடங்குகிறது. குமிழ் மூடுவதற்கு முன் யுபிக்விட்டின் கழற்றப்பட்டு மறுபடி பயன்படுகிறது. ஏற்பியோ, கிறிஸ்டியான் டி டூவ் 1955-இல் பெயரிட்ட லைசோசோமைச் சேர்ந்து அமினோ அமிலங்களாகக் கரைகிறது. அந்த அமிலங்களிலிருந்து செல் புதிய புரதங்களைக் கட்டுகிறது.

ஆக, செல்லைக் காக்கும் தொழிலுக்குள்ளேயே அழிக்கும் தொழிலும் அடக்கம். சிபிஎல் நொதி பழுதுபட்ட சிலருக்கு இரத்தப் புற்றுநோய் வருகிறது. அழிக்கத் தவறிய செல் தன்னைக் காத்துக்கொள்ளவும் தவறுகிறது. மெய்கண்டாரின் ‘சிவஞான போதத்தின்’ முதல் சூத்திரம் ஒடுக்குபவனையே உலகுக்கு முதல்வன் என்று நிறுவுகிறது. எதில் ஒடுங்கியதோ அதிலிருந்தே மீண்டும் தோன்ற வேண்டும் என்பது அதன் நியாயம். தென்காசிக்கு அதிகத் தொலைவில் இல்லாத விக்கிரமசிங்கபுரத்தில் பிறந்த சிவஞான முனிவர் 18-ஆம் நூற்றாண்டில் மாபாடியம் எழுதி விளக்கியது இந்த நூலைத்தான். ஒடுக்கத்தை முடிவாகக் கொள்ளாமல் அடுத்த தோற்றத்தின் வாசலாகக் கண்ட அந்தப் பார்வை, லைசோசோமில் நடப்பதற்குப் பிழையின்றிப் பொருந்துகிறது.

மெய்கண்டார் செல்லைக் கண்டாரா என்று கேட்பார்கள். காணவில்லை, கண்டார் என்று பெருமை பேசுவது அவருக்கும் அறிவியலுக்கும் செய்யும் தீங்கு. செல்லுக்கு நோக்கம் கிடையாது, அதைக் கொண்டு இறைவனை நிறுவ முடியுமா என்பது அடுத்த தடை. நிறுவ நான் முயலவில்லை. அழிப்பும் காப்பும் ஒன்றுக்கொன்று பகை என்ற எண்ணத்தின் மேல்தான் நெருப்பைக் குறித்த நம் மனத்தடை நிற்கிறது. அந்த எண்ணம் பொய் என்பதைக் காட்டச் செல்லின் சான்று போதும். புரதத்துக்கு உயிரில்லையே, இளைப்பாறுவது யார் என்றும் கேட்கலாம். சைவ சித்தாந்தத்தின்படியும் ஒடுங்குவது மாயையின் காரியமான உடம்பு. இளைப்பாறுவது அதைச் சுமந்த உயிர். இங்கே கரைவது ஏற்பி. ஆறுதல் பெறுவது அதைச் சுமந்த செல்.

இவற்றையெல்லாம்விடக் கடினமான தடை ஒன்று உண்டு. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற நோயில் பெரும்பாலோருக்கு ஒரு சவ்வுப் புரதத்தில் 508-ஆம் இடத்து அமினோ அமிலம் இல்லாமல் போயிருக்கும். சவ்வைச் சென்றடைந்தால் அந்தப் புரதம் ஓரளவு வேலை செய்யும். ஆனால் அது சரியாக மடியவில்லை என்று கண்ட செல், அதே யுபிக்விட்டினை ஒட்டி வழியிலேயே அழித்துவிடுகிறது. குழந்தையின் நுரையீரலில் கெட்டிச் சளி அடைக்கிறது. இதில் அருள் எங்கே? முன்வினை என்று அந்தத் தாயிடம் சொல்வது கொடுமை. நான் சொல்ல மாட்டேன். சித்தாந்தம் இறைவனுக்கு வேறாக, உயிரைக் கட்டும் சடப்பொருளான பாசத்தையும் அநாதியாக வைக்கிறது. சடப்பொருள் குறையற்றது என்று அது ஒருபோதும் சொன்னதில்லை. தகுதி பார்த்துப் பிரிக்கும் அழிப்புக்கே இளைப்பாற்றல் என்ற பெயர் தகும். பிரிப்பதில் பிழை நேர்ந்தால் அதைத் தடுக்க நமக்கு உரிமை உண்டு, கடமையும் உண்டு. அந்தப் புரதத்தைச் சரியாக மடியவைத்துச் சவ்வுக்கு அனுப்ப உதவும் மூன்று மருந்துகளின் கூட்டுக்கு அமெரிக்கா 2019-இல் அனுமதி அளித்தது. அதைக் கண்டறிந்தவர்கள் நெருப்பேந்திய கைக்கு எதிராக எதுவும் செய்துவிடவில்லை. அமைத்த கரத்தின் வேலையைச் செய்தார்கள்.

இளைப்பாற்றும் அழிப்புக்கும் தடுக்க வேண்டிய கேட்டுக்கும் உள்ள இந்த வேறுபாட்டைத் தென்காசி நன்கு அறிந்த ஊர். 15-ஆம் நூற்றாண்டில் காசி விசுவநாதர் கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியன், காலத்தால் எதுவும் கெடும் என்பதை அறிந்திருந்தான். கெடுவதெல்லாம் இறைவன் செயல் என்று அவன் விட்டுவிடவில்லை. இக்கோயிலுக்கு ஒரு குறை நேர்ந்தால் அதை நீக்கிக் காப்பவர் யாராயினும் அவர்களைப் பணிகிறேன் என்று கல்லில் பொறித்து வைத்தான். பின்னாளில் கோபுரம் சிதைந்து நெடுங்காலம் அப்படியே நின்றது. அவன் முன்கூட்டியே வணங்கிய மனிதர்கள் வந்து ஒன்பது நிலைகளோடு அதை மீண்டும் எழுப்பினார்கள். 1990-இல் குடமுழுக்கு நடந்தது.